எசென்குல் கேள்விப்படாத பத்து வழிகள்

சுகாதாரக் கணக்கெடுப்புக்காக எசென்குல் வீட்டுக்கு நான் போன அக்டோபரில் அவனுக்கு வயது நாற்பத்துநான்கு. காரா-பெல் என்ற மலைக்கிராமத்தில் பிறந்து அங்கேயே இருப்பவன். கூட்டுப்பண்ணை இருந்தவரை செம்மறிகளுக்குச் சினை ஊசி போடுவது அவன் வேலை. பண்ணை கலைந்தபின் சொந்தமாக நூற்றுப்பத்து ஆடுகள் வைத்திருந்தான். கடாக்குட்டிகளுக்குக் காயடிக்க ஆறு கிராமங்களிலிருந்து அவனைத்தான் கூப்பிடுவார்கள். தகப்பன் இல்லாத அவனை வளர்த்தது அண்ணன் துர்துகுல். அவர் எதிரில் எசென்குல் கால் நீட்டி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

மனைவி பெயர் சாயிரா. ஐந்தாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரிது. இன்னொரு கரு தரித்தால் உயிர் மிஞ்சாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கருத்தடை வளையம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இதயம் பலவீனம் என்பதால் மாத்திரையும் கூடாது, அறுவையும் கூடாது. “உன் புருஷனை அனுப்பும்மா” என்றாராம். ஓராண்டாகியும் எசென்குல் போகவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை.

நான் மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பதிவேடு வைத்தவன். ஓய்வுபெற்ற பிறகு இந்தக் கணக்கெடுப்பில் ஆண்களிடம் கேள்வி கேட்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ உள்ள பத்து வழிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டி, கேள்விப்பட்டதுண்டா என்று கேட்க வேண்டும். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும். தனியாக வைத்துக் கேட்பது விதி. கூட யாராவது இருந்தால் அதைக் குறிக்கவும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது.

மாவட்டத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றதும் துர்துகுல் வந்து, வாசலுக்கு எதிரே பெரியவர்களுக்குரிய இடத்தில் அமர்ந்துவிட்டார். விரிப்பில் ரொட்டியும் வெண்ணெயும் வைத்தார்கள். வந்த காரியத்தைச் சொன்னேன்.

“பத்து வழியா? எங்க ஆத்தா பதினொண்ணு பெத்தா. அவளுக்கு ஒரு வழியும் தெரியாது!” என்றார் துர்துகுல்.

நான் ஆரம்பித்தேன். “மாத்திரை. கேள்விப்பட்டிருக்கியா?”

“இல்லீங்க ஐயா” என்றான் எசென்குல்.

“ஆணுறை?”

கையிலிருந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டே, “இல்லீங்க” என்றான்.

“சாப்பாடு வச்ச எடத்துல என்னய்யா பேச்சு இது? இதைக் கேக்கவா உனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?” என்றார் துர்துகுல்.

அடுத்த ஏழுக்கும் அதே ‘இல்லீங்க’தான். கடைசிக் கேள்வியை வேகமாகப் படித்தேன். “இனி குழந்தை வேண்டாம்னா ஆம்பளைங்க ஒரு ஆபரேஷன் பண்ணிக்கலாம். அது தெரியுமா?”

துர்துகுல் தொடையில் தட்டிச் சிரித்தார். “டேய், கடாவுக்கு நீ பண்றதுதானேடா அது!”

எசென்குலின் காதுமடல் சிவந்தது. “கேள்விப்படல.”

பத்துக்கும் ‘இல்லை’ போட்டேன். தம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கும் மூத்தவரை எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இருந்ததைக் குறித்தால் மேற்பார்வையாளர் என்னை மறுபடி அனுப்புவார். கூட எவரும் இல்லை என்று குறித்துவிட்டேன்.

வண்டிவரை வழியனுப்ப வந்த எசென்குல் என் சட்டைக்கையைப் பிடித்தான். “ஐயா, அந்தக் கடைசிக் கேள்வியை இன்னொரு தடவை படிங்களேன்.”

“பேட்டி முடிஞ்சுதுப்பா” என்றேன். அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டியில் ஏறிவிட்டேன்.

அலுவலகத்தில் அந்தக் கிராமத்துப் படிவங்களை அடுக்கினேன். பதினேழு ஆண்கள், படிவப்படி பதினேழு பேரும் தனியாக இருந்தார்கள், ஒருவரும் எதையும் கேள்விப்பட்டதில்லை. என் கையெழுத்து வெகு சுத்தமாக இருந்தது. எந்த வீட்டில் எந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார் என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். மறுநாள் அவை தலைநகருக்குப் போயின. நான் தடுக்கவில்லை. ஆனால் சட்டைக்கையைப் பிடித்த அந்தப் பிடி என்னை விடவில்லை. ஒன்பதாம் நாள் சொந்தச் செலவில் வண்டி பிடித்துக் காரா-பெல் போனேன்.

துர்துகுல் பழைய இடத்திலேயே இருந்தார். தொப்பியைக் கழற்றினேன். “பெரியவரே, உங்க தம்பிகிட்ட தனியாப் பேசணும். கொஞ்சம் வெளியில இருங்க.”

அவர் நிதானமாக எழுந்தார். “எழுபது வயசுல, என் தம்பி வீட்டுலேர்ந்து என்னை வெளியே போகச் சொன்ன முதல் ஆளு நீதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எசென்குல் தலை நிமிரவில்லை. “ஏங்க ஐயா இப்படிப் பண்ணீங்க? அவர் மூஞ்சியில இனி எப்படி முழிப்பேன்?”

பத்தையும் திரும்பப் படித்தேன். “தெரியும், தெரியும்” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவன் கடைசியில் மட்டும் நின்றான். “அதுவும் கேள்விப்பட்டதுதான். டாக்டரம்மா சொல்லி அனுப்பினாங்க. ஆனா ஐயா, எத்தனை கடாவுக்கு என் கையால காயடிச்சிருக்கேன்! அதுக்கப்புறம் அதுங்க எப்படி நிக்கும்னு எனக்குத் தெரியாதா?”

முதல் நாளே அவன் எல்லாக் கேள்விக்கும் உண்மையாகப் பதில் சொல்லியிருந்தாலும் நான் ‘ஆம்’ போட்டுவிட்டு எழுந்து போயிருப்பேன். விளக்கம் சொல்லக் கூடாது என்பது விதி. பேனாவை மூடி வைத்தேன்.

“காயடிக்கிறது இல்லப்பா இது. விதையைத் தொடவே மாட்டாங்க. அங்கேயிருந்து வர்ற குழாயை மட்டும் வெட்டிக் கட்டிடுவாங்க.”

“குழாயை மட்டுமா?” என்று நிமிர்ந்தான். “அப்ப கடா கடாவாவே இருக்கும். குட்டி மட்டும் வராது. இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது அவனுக்கு. அவன் தொழில் அது. முகத்தை இரு கைகளாலும் பொத்திக்கொண்டான். “ஒரு வருஷமா இவளை அழ வச்சிட்டேனே. காரணம்கூடச் சொல்லல. நான் பக்கத்துல வந்தாலே பயந்து நடுங்கினா ஐயா.”

அடுப்படியிலிருந்து சாயிரா வந்து நின்றாள். “எங்க போகணும், எந்தக் கிழமைன்னு எழுதிக் குடுங்க” என்றாள். எழுதிக் கொடுத்தேன்.

நவம்பரில் எசென்குல் நாரின் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தான். அண்ணனிடம் ஆட்டுக்கு மருந்து வாங்கப் போனதாகச் சொன்னானாம். சாயிரா நலமாக இருக்கிறாள், ஐந்தே பிள்ளைகள்தான். அடுத்த ஆண்டு வந்த கணக்கெடுப்பு அறிக்கையில் எங்கள் பகுதி ஆண்களின் அறியாமையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதில் பதினேழு பேர் நான் எழுதியவர்கள். திருத்தச் சொல்லி இன்றுவரை நான் கடிதம் போடவில்லை. துர்துகுலைக் கால்நடைச் சந்தையில் பார்த்தால் தொப்பியைக் கழற்றுகிறேன். அவர் பதில் வணக்கம் சொல்வதில்லை.