சிவந்த கண் மீனுக்கு நேர்ந்த கண்மலர்

போன வாரம் போடியில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் ஒரு மீன் தொட்டி. வலியை மறக்கலாமென்று பார்த்தால், ஒரு மீனின் கண்ணில் மோர் தெளித்த மாதிரி வெள்ளை படர்ந்திருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்துபோய், சீட்டு எழுதும் பெண்ணிடம் சொன்னேன். "தண்ணிய மாத்தும்மா. அதுக்குக் கண்ணு போயிரும்."

"உங்க டோக்கன் எத்தனைங்கம்மா?" என்றாள் அவள்.

டோக்கனாவது பல்லாவது. எனக்குச் செல்வி ஞாபகம் வந்துவிட்டது.

குரங்கணியில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் நாங்கள் இருவரும் காய் பொறுக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஜீப்பில் வந்து இறங்கும் பச்சைக்காயைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் உலர்த்தும் அறைக்கு ஏற்றுவார்கள். அப்போதுதான் பச்சை நிறம் நிற்கும். அந்த வாசனை இருக்கிறதே, இன்றைக்கும் யாராவது பாயசத்துக்கு ஏலக்காய் தட்டினால் உங்களுக்கெல்லாம் நாக்கு ஊறும், நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

முதலாளி தன் அறையில் தொட்டி வைத்து, மதுரையிலிருந்து ஐந்து வெள்ளை மீன் வாங்கி வந்தார். ஐந்துக்கும் கண் குங்குமச் சிவப்பு. "ஐயோ, மெட்ராஸ் ஐ!" என்று நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுக்குப் பொறப்புலயே செவப்புக் கண்ணுக்கா. ஒனக்கு ஒட்டாது, வா." என்னைவிட ஐந்து வயது சின்னவள். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. இவள் கூலியில்தான் இரண்டு பேருக்கும் சோறு.

தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது வாரத்துக்கு ஒருத்தி முறை. செல்வியின் வாரத்தில் ஒருநாள், "காய்ச்ச அடிக்குதுக்கா, இன்னைக்கு மட்டும் நீ மாத்திரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து லோடு வந்தது. "வெரசா வா" என்று வெளியே சத்தம். சுவரோரம் இருந்த வாளியைத் தூக்கி ஊற்றினேன். அது மிச்சமிருந்த சோடாத் தண்ணீர். பார்வைக்கு நல்ல தண்ணீர்தான். விரலை விட்டிருந்தால் வழவழப்புத் தெரிந்திருக்கும். விடவில்லை.

மறுநாள் காலையில் நான்கு மீன்கள் மிதந்தன. ஐந்தாவது மூலையில் ஒண்டிக் கிடந்தது. சிவப்புக் கண் இரண்டிலும் வெள்ளை மூடியிருந்தது.

"இந்த வாரம் யாரு மொற?" என்றார் முதலாளி.

எல்லோரும் செல்வியைப் பார்த்தார்கள். செல்வி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நான் தலையைக் குனிந்து முறத்தில் காய் பொறுக்கினேன்.

"இனி ஒனக்கு இங்க சோலி இல்ல. கெளம்பு."

அவள் வாயே திறக்கவில்லை. நான் திறப்பேன் என்று காத்திருந்தாள் போல.

மீனுக்குக் கண் தெளிந்துவிட்டால் முதலாளி மனம் இறங்கி அவளைக் கூப்பிட்டுக்கொள்வார், நான் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்காது. அப்படித்தான் போயிற்று என் புத்தி. போடியில் வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் ஓடினேன். "தண்ணி கெட்டா கண்ணுலதாம்மா மொதல்ல காட்டும். நல்ல தண்ணியா மாத்திக் கொஞ்சம் கல்லுப்பு போடுங்க. லேசா இருந்தாத் தெளியும்" என்றார். மாற்றினேன், போட்டேன். தினமும் விடிந்ததும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். வீரபாண்டி மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டு, வாங்கியும் வைத்துவிட்டேன். பிள்ளைகளின் கண்ணுக்கு நேர்வார்கள். மீனுக்கு நேர்ந்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எவ்வளவு பெரிய கோழை நான்!

கண் தெளியவில்லை. மீன் சாகவுமில்லை. இரண்டு வருஷம் குருடாகவே இருந்தது. கண்ணாடியில் நான் விரலால் தட்டினால் இரைக்கு நேராக என்னிடம் வரும். அது வரும்போதெல்லாம் எனக்குச் செத்துவிடலாம் போலிருக்கும்.

அது செத்த அன்றைக்குத்தான் முதலாளியிடம் சொன்னேன். "இப்ப எதுக்கு அது?" என்றார், தலை நிமிராமலே. செல்வி மேலே எஸ்டேட் வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டு ஜீப் ஏறினேன். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரு பெண் மலையாளம் கலந்து சொன்னாள், "அம்மா எறந்ததும் போயிட்டா. எவிடேன்னு யாருக்கும் தெரியல்ல."

ஸ்டோரை இடித்துத் தங்கும் விடுதி கட்டிவிட்டார்கள். தொட்டி இல்லை, முதலாளி இல்லை. கண்மலர் மட்டும் என் பெட்டியில் மஞ்சள் துணிக்குள் கறுத்துக் கிடக்கிறது. எப்போது பிரித்தாலும் அந்த இரண்டு கண்ணும் அன்று காலை செல்வி பார்த்த மாதிரியே பார்க்கின்றன. நான் இன்னமும் தலையைக் குனிந்துகொள்கிறேன்.