டங்கன் கேட்ட உஷ்கே

மட்டாஞ்சேரியில் காலையில் எதிரே வருபவர் "சாயா குடிச்சோ?" என்று கேட்டால் அது வெறும் நலம் விசாரிப்பு. எங்கள் மாடியில் குடியிருந்த டங்கனுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "இல்லை" என்று உண்மையைச் சொல்லிவிட்டுக் கேட்டவர் பின்னாலேயே கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். அவர்களும் சிரித்தபடி வாங்கிக் கொடுப்பார்கள். எனக்கு அந்தச் சலுகை கிடைத்ததில்லை. கோவில்பட்டியிலிருந்து வந்து கொச்சங்காடி மிளகுக் கிடங்கில் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இன்றும் நான் வாயைத் திறந்ததும், "தமிழ்நாட்டில் எவிடயா?" என்கிறார்கள். ஊருக்கு வந்தால் கோவில்பட்டிக்காரர்களான நீங்கள், "என்ன அண்ணாச்சி, மலையாளத்தான் மாதிரி இழுக்கீக?" என்கிறீர்கள்.

டங்கன் ஸ்காட்லாந்தின் மேற்கே ஒரு தீவில் பிறந்தவர். நிலக்காட்சி ஓவியர். மனைவியைப் பிரிந்தபின் ஒரு குளிர்காலம் மட்டும் வரைந்துவிட்டுப் போக வந்தவர், எங்கள் மாடி ஜன்னலில் தெரிந்த காயலைப் பார்த்துத் தங்கிவிட்டார். இங்கிருந்த பதினெட்டு வருடமும் அதைத்தான் வரைந்தார். என் மனைவி ஷைனி கும்பளங்கியில் காயல்கரையில் வளர்ந்தவள். ஒருநாள் படத்தைப் பார்த்து, "நம்முடெ காயலினு இத்ர தணுப்பில்லல்லோ" என்றாள். இவ்வளவு குளிர் இல்லையே என்றாள். நான் ஆங்கிலத்தில் சொன்னதும் டங்கன் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "அவள் சொல்வது சரி" என்றார். ஆனால் திருத்தவில்லை.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது வலக்கை விழுந்திருந்தது; ஆங்கிலம் போயிருந்தது. சிறுவயதில் தாயிடம் பேசிய கேலிக் மொழி மட்டும் மிஞ்சியிருந்தது. எங்களுக்கு அந்தப் பெயரே அப்போதுதான் தெரியும்.

ஒரு மத்தியானம் அவர் "உஷ்கே, உஷ்கே" என்று சொல்ல ஆரம்பித்தார். இடக்கையால் ஜன்னலைக் காட்டினார். காயலைக் காட்டுகிறார், வரைய ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினோம். பலகையைக் கொண்டுவந்து நிறுத்தி, தூரிகையை இடக்கையில் வைத்தேன். தள்ளிவிட்டார். மறுபடி வைத்தேன். அவர் அழ ஆரம்பித்தார். கனடாவிலிருக்கும் அவர் மகள் கிளேரை வீடியோவில் அழைத்தேன். தகப்பன் சொல்வதைக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு அவளும் அழுதாள். "எனக்குப் புரியவில்லை. அப்பா எங்களிடம் அந்த மொழியில் பேசியதே இல்லை."

மறுநாள் காலையில் என் மகள் அனு அந்தச் சொல்லைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு மாடியிலிருந்து ஓடிவந்தாள்.

"அப்பா, வெள்ளம்! அங்கிள் சோதிச்சது வெள்ளமாணு!"

இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர்; சோதிச்சது என்றால் கேட்டது. சாயங்காலம் ஷைனி கஞ்சி புகட்டும்வரை அந்த மனிதர் தாகத்தோடு கிடந்திருக்கிறார். நான் அவர் கையில் தூரிகையைத் திணித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து கிளேர் வந்து அவரைக் கனடாவிலுள்ள ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அழைத்துப்போனாள். அவர் பிறந்த நாடும் இல்லை, தேர்ந்தெடுத்த ஊரும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார், வீட்டுக்காரர்கள்தானே. காரில் ஏற்றியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். கேள்வி கேட்பதுபோல இருந்தது. நான் தலையாட்டினேன். எதற்குச் சம்மதித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

என் வீட்டில் தமிழ் என்னோடு சரி. அனுவுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இங்கே அதற்கு என்ன தேவை என்று இருந்துவிட்டேன். டங்கன் போன வாரத்தில் ஒரு தாளை எடுத்து, அவளுக்குத் தெரிந்த மலையாள எழுத்திலேயே சில தமிழ்ச் சொற்களை எழுதினேன். தண்ணி. பசிக்குது. போர்த்திவிடு. வலிக்குது.

அனு எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று வாசித்தாள். கடைசிச் சொல்லில் நின்றாள். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது.

"எந்தா அப்பா வலிக்கேண்டது?" என்று கேட்டு, எதையோ இழுத்துக் கொடுக்க எழுந்து நின்றாள்.