அமலி அக்காவும் காய்த்தோல் உரமும்

அமலி அக்கா போய்விட்டார்...

இன்று காலை கட்கியிலிருந்து அவர் மகள் போன் செய்து சொன்னாள். நேற்று மாலை டீ குடித்துவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லையாம்.

நான் எழுதக் கற்றுக்கொண்டு ஒரு வருடம்தான் ஆகிறது. காலையில் ஆரம்பித்தேன், மதியச் சாப்பாடே முடிந்துவிட்டது. பரவாயில்லை... அக்காவைப் பற்றி என் விரலால் நானே எழுதுவதில் ஒரு சந்தோஷம்.

எழுபதுகளின் கடைசி. மராட்டி பேசும் ஊரான கசார்வாடிப் பக்கம் ஒரு பாக்டரி. அதன் கேன்டீனில் அக்கா காய் நறுக்குகிறவர். பின்னால் இருந்த காய்கறித் தோட்டத்துக்கு நான் மாலி, அதாவது தோட்டக்காரன். டெம்பரரி.

இரண்டு வருடமாகத் தக்காளி நாற்றும் பிழைக்கவில்லை, கத்தரி நாற்றும் பிழைக்கவில்லை. சாயங்காலம் பச்சையாக நிற்கும். காலையில் போனால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் அழுகி, வரிசையாகப் படுத்துக் கிடக்கும். நோய் மண்ணிலேயே இருந்தது. மயில்துத்தம் கரைத்து ஊற்றினேன், கேட்கவில்லை.

மேனேஜர் சொல்லிவிட்டார். "வரப்போற மழைக்கு ஒரு சான்ஸ். அப்புறம் சிமென்ட் போட்டு ஸ்கூட்டர் ஸ்டாண்டு."

ஸ்கூட்டர் ஸ்டாண்டுக்கு மாலி எதற்கு? வீட்டில் மனைவி, ஆறு மாதக் குழந்தை...

அக்காதான் என்னைக் கேன்டீன் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அவர் வருடக்கணக்காகக் காய்த்தோல் கொட்டி மக்கிப்போன ஒரு சின்ன மேடு. அதில் யாரும் விதைக்காத தக்காளிச் செடிகள் ஜம்மென்று நின்றன.

"பாத்தியா முருகையா? உன் பிள்ளைங்க மருந்து குடிச்சும் சாவுது. இதுங்க அனாதை, எப்பிடி நிக்குது பாரு!"

"அதுக்கு?"

"அதுக்கு என்ன அதுக்கு? இந்த மக்குல என்னமோ இருக்குடா. நோய அண்ட விடல."

அந்த மேட்டில் இரண்டு கூடைதான் தேறும். தோட்டத்திலேயே புதிதாக ஒரு குவியல் போட்டோம். முட்டைக்கோஸ் இலை, பட்டாணித் தோல், மேத்திக்கீரைக் காம்பு, வாழைப்பழத் தோல்... கரும்பு ஜூஸ் வண்டிக்காரனிடம் சக்கை வாங்கினோம். சமைத்தது ஒரு பருக்கைகூடச் சேரக்கூடாது. அக்கா வாசலிலேயே நின்று பிரிப்பார்.

நான் அவசரக்காரன். ஒரு மாதத்திலேயே எடுத்து ஒரு பாத்தியில் போட்டேன். நாற்று வெந்துபோனது.

"பாகலா நீ, பைத்தியமா? வேகாத சோத்த யாராவது எலையில வைப்பாங்களா? மூணு தடவ கெளறணும். அப்புறம் ஆறணும். தொட்டா சுடக்கூடாது."

ஒவ்வொரு முறை கிளறிய பிறகும் குவியல்மேல் ஒரு கல் வைத்தேன். கணக்கை எழுதிவைக்க எனக்கு எழுத்து தெரியாதே!

இரண்டு கல் ஆயிற்று. ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன்... கற்களுக்குச் செந்தூரம் பூசி, சாமந்தி மாலை போட்டு, தேங்காய் உடைத்திருக்கிறார்கள்! ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்கு வந்தவர்களுக்கு அது சாமியாகிவிட்டது.

மண்வெட்டியை எடுத்ததும் வெல்டிங் செக்ஷன் பாட்டீல் ஓடி வந்தார். அவரைப் பாவு, அதாவது அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். "அண்ணா, தேவ் மேல கை வைக்காதே!"

விதைக்கும் நாள் நெருங்குகிறது. கீழே என் பிழைப்பு, மேலே அவர்கள் சாமி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கழுத்தில் சிலுவை. சண்டை போடவில்லை.

"பாவு, இந்தக் குவியலுக்குள்ள கொஞ்சம் கைய விடுங்க."

பாட்டீல் விட்டார். "அரே பாப் ரே!" வெடுக்கென்று எடுத்தார்.

"உங்க சாமிய இப்பிடி அடுப்பு மேலயா உக்கார வைப்பீங்க? ஒரு நெழல் பாத்து வைக்கக் கூடாதா?"

பாட்டீல் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கற்களையும் துண்டில் ஏந்திக் கொய்யா மரத்தடிக்குக் கொண்டு போனார். போகும்போது திரும்பி, "நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. எங்க தேவுக்குச் சுடறது உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்றார்.

"பத்து வருசமா அடுப்புப் பக்கத்துல நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

மூன்றாவது முறை கிளறினோம். சில வாரங்களில் ஆறியது. கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. பாத்தியில் கலந்து விதைத்தேன்.

முளைத்தது. தினமும் டூட்டிக்கு முன் அக்கா வந்துவிடுவார்.

"இன்னைக்கு எத்தன படுத்துச்சு?"

"ரெண்டுக்கா."

"அவ்வளவுதானே? எந்த ஷிப்டுலயும் ரெண்டு பேரு தூங்கத்தான் செய்வான்."

இருபதாம் நாள் மேனேஜர் வந்தார். ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். வெள்ளைவெளேர் என்று இருந்தது. அதைத் தன் கையாலேயே திரும்ப நட்டுவிட்டுப் போனார். ஸ்கூட்டர் ஸ்டாண்டு கேட்டுக்கு வெளியே போனது.

பிறகு ஒரு விவசாய ஆபீசர் வந்து பார்த்தார். நன்றாக மக்கிய உரத்தில் இருக்கும் நல்ல கிருமிகள், மண்ணில் இருக்கும் நோய்க்கிருமிகளை அடக்கிவிடும் என்று விளக்கினார்.

"அதத்தான் நானும் சொன்னேன்" என்றார் அக்கா. கிருமி என்ற வார்த்தையே அவர் வாயில் வந்ததில்லை!

எண்பதுகளில் நான் பெர்மனென்ட் ஆனேன். ரிடையர் ஆகும் வரை அதே பாத்திகள்தான்.

நாளை காலை கட்கியில் அடக்கம். நான் போகிறேன்.

போய் வாருங்கள் அக்கா. நீங்கள் என்னை நிறுத்திய மண்ணில்தான் கடைசி வரை நின்றேன்...