இரண்டு ஆண்கள் காதலிக்கும் கதையில் அவளுக்கு என்ன வேலை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் அவளுக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே நாய் வந்தாலும் சரி, பக்கத்து இருக்கையில் அசட்டுத்தனம் தலைகாட்டினாலும் சரி, அவள் கால் யோசிக்காது. வண்டி குலுங்கி நிற்கும்.

அசட்டுத்தனத்தில் பெரியது கியர் விவகாரம். கியர் மாற்றுகிற சாக்கில் சில ஆண்களின் கை வழிதவறி அவள் தொடைக்கு வந்துவிடும்.

“சாரி மேடம், பழக்கமில்ல.”

ஓங்கி ஒரு மிதி. சீட் பெல்ட் இறுகி அந்த ஆள் மூச்சுத் திணறும்போது, “எனக்கும் பழக்கமில்ல” என்பாள். முதலாளியிடம் போய்ச் சொன்னால், “கஸ்டமர்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்” என்பார். அனுசரித்து அனுசரித்து அவளுக்குப் பல்லைக் கடிக்கும் வழக்கம் ஒட்டிக்கொண்டது. கடைவாய்ப் பல் தேய்ந்தே போயிருந்தது.

ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில் வண்டியை நிழலில் நிறுத்தி, இருக்கையைச் சாய்த்து, போனில் காமிக்ஸ் படிப்பாள். ஆணும் ஆணும் காதலிக்கும் காமிக்ஸ். அதை அவளுக்குக் காட்டியவன் சுருட்டை. அவனும் அங்கே வண்டி சொல்லிக்கொடுப்பவன்தான், தலைமுடியால் வந்த பெயர். மழையில் பயிற்சி மைதானம் முழுகிப்போன ஒரு மதியம், அவன் போனை அவள் எட்டிப் பார்க்க, அவன் சட்டென்று மூட, “காட்டுடா, நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?” என்று பிடுங்கிப் படித்தாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் படித்தாள்.

கதையில் ஒரு தீயணைப்பு வீரன், ஒரு கணக்கு வாத்தியார். எரிகிற கட்டடத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறவன், வாத்தியாரின் கையைத் தொடுவதற்குப் பக்கம் பக்கமாக நடுங்குவான். அந்த நடுக்கத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அலுக்கவில்லை. ஓர் ஆண் இவ்வளவு தயங்குவான் என்பதை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை.

வினை, சாலை விதிகள் வகுப்பில் வந்தது. போனை டிவியோடு இணைத்துப் போக்குவரத்துக் குறியீடுகளைக் காட்டிக்கொண்டிருந்தவள், விரல் தவறி வேறொன்றைத் தொட்டுவிட்டாள். டிவி முழுக்க இரண்டு ஆண்கள். ஒருவன் இன்னொருவனைப் பார்த்து, “கையைப் பிடிச்சுக்கலாமா?” என்கிறான்.

அவ்வளவுதான் படம். வகுப்பே வெடித்துச் சிரித்தது. எவனோ விசிலடித்தான். எவனோ வீடியோ எடுத்தான். வாசலில் நின்றிருந்த சுருட்டை தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிட்டான். அவள் அலுவலக அறைக்குள் நுழைவதற்கு முன்பே வீடியோ முதலாளியின் போனுக்கு வந்து சேர்ந்திருந்தது.

“குடும்பப் பொம்பள பாக்கிற படமாம்மா இது?”

“கையைப் பிடிக்கலாமான்னு கேக்கிறான் சார். கேக்கிறது அசிங்கமா? கேக்காம என் மேல கை வச்சானுங்களே, அதுக்கு அனுசரிச்சுப் போகச் சொன்னீங்க!”

“அதையும் இதையும் முடிச்சுப் போடாதே. நாளைக்குப் பேசிக்கலாம், போ.”

வீட்டில் செய்தி அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் வடிகட்டி பழுதுபார்க்கும் கணவர், சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, ரொம்ப நிதானமாகக் கேட்டார்.

“ரெண்டு ஆம்பளைங்க காதல் பண்றதுல உனக்கு என்னடி வேலை?”

“ஒரு வேலையும் இல்ல. அதான் படிக்கிறேன்!”

அவர் விழித்தார். அவளுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“புருஷன் பொண்டாட்டி கதை படிச்சா, அவ இடத்துல நான் போய் நிக்கிறேன். அவ ஒல்லியா, நான் குண்டா? கல்யாணத்துக்கு மறுநாள் யார் சமைக்கிறது, யார் இந்தத் தட்டை எடுக்கிறது? மனசு அங்கேயே போகுது. இதுல பொம்பளையே இல்ல. யாரும் என்னை எடை போடல, எதையும் எடுத்துக் குடுன்னு கேக்கல. நான் வேலை செய்யாம உக்காந்திருக்கிற ஒரே வீடு அந்தக் கதைதான். ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் கெஞ்சுறானுங்க, பயப்படுறானுங்க, அழறானுங்க. அதை ஓரமா உக்காந்து பாக்கிறேன். அது பொறுக்கலையா உங்களுக்கு?”

“நான் உன்னை என்ன கேட்டுட்டேன் இப்ப?” என்றார் அவர். தட்டு மேசையிலேயே இருந்தது. அவள் எடுக்கவில்லை. கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரே எடுத்துப்போய், கழுவாமல் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை, வண்டி கழுவிக்கொண்டிருந்த சுருட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊரே சிரிக்குது, நீ பாட்டுக்கு நழுவுற. வாயைத் தச்சா வச்சிருக்க? ‘நானும் படிக்கிறேன், அதுல என்ன’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குறைஞ்சா போவ?”

அவன் குழாயை மூடினான். அவனுக்கும் கோபம் வரும் என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

“நீங்க படிச்சா கேலி பண்ணுவாங்கக்கா. நான் படிச்சா கண்டுபிடிச்சிடுவாங்க. உங்களுக்கு அது கதை. பிடிக்கலைன்னா மூடி வச்சிட்டு வீட்டுக்குப் போயிடலாம். நான் எதை மூடுறது?”

 இவ்வளவு நாளும் அவனோடு உட்கார்ந்து கதையில் எவன் எவனை முதலில் விரும்பினான் என்று வம்பளந்திருக்கிறாள். அவன் யாரையாவது விரும்புகிறானா என்று ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை. தன்மீதே பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

அந்தச் சூட்டோடு முதலாளி அறைக்குப் போனாள். அவர் இன்றைக்குத் தேனாகப் பேசினார்.

“நான் யோசிச்சேம்மா. நீயா இதெல்லாம் தேடிப் போற ஆள் இல்ல. அந்தச் சுருட்டைதானே காட்டினான்? அவன் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு இது. நீ ஆமான்னு மட்டும் சொல்லு. உன் வகுப்பு உன்கிட்டயே இருக்கட்டும், அவனை நான் பாத்துக்கிறேன்.”

அவள் கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தரையில் அழுத்தியது.

“யாரும் காட்டல. நானே தேடினேன், நானே படிச்சேன், இன்னும் படிப்பேன். ஒருத்தனைத் துரத்த என் வாயை வாடகைக்குக் கேக்கறீங்களே, உங்க வயசுக்கு இது நல்லாவா இருக்கு? இன்னொன்னும் கேட்டுக்கங்க. இனிமே எவன் கை நீண்டாலும் நடுரோட்டுல இறக்கி விட்டுட்டு வண்டியை நானே ஓட்டிட்டு வருவேன். கஸ்டமர் நடந்து வரட்டும்.”

வேலையை விட்டு அனுப்ப அவரால் முடியவில்லை. பெண்கள் பலர் அவளிடம்தான் கற்றுக்கொள்வோம் என்று வந்தவர்கள். ஆனால் சாலை விதிகள் வகுப்பைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கி யாரிடம் கொடுத்தார் தெரியுமா? அவளுக்கு வலிக்கட்டும் என்று, சுருட்டையிடமே. அவன் மறுக்கவும் இல்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்தான். அவளுக்கு அது புரிந்தது. புரிந்தும் ஆறவில்லை. சில நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு நாள் அவனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லாமல் கதையின் அடுத்த பகுதி மட்டும் வந்தது. நிழலில் நிறுத்திப் படித்தாள். தீயணைப்பு வீரனின் அம்மா மகனுக்குப் பெண் பார்த்துவிட்டாள், அவனும் தலையாட்டிவிட்டான். வண்டியில் இருந்தபடியே பிரேக் அக்கா சுருட்டைக்குப் போன் போட்டாள்.

“யாருடா எழுதுறா இதை? நெருப்புல பாயறவனுக்கு அம்மாகிட்ட வாய் திறக்க வராதா?”

“வராதுக்கா. அம்மாகிட்டதான் வராது.”

“அப்ப அந்த வாத்தியார் என்ன ஆவான்? பாத்திருக்கிற அந்தப் பொண்ணு என்ன ஆவா? அவளை எவனாவது கேட்டானா?”

“அதைத்தான் நானும் சொல்றேன்! கத்தாதீங்க.”

“நான் கத்தத்தான் செய்வேன்” என்றாள். பாடத்துக்கு வந்த பெண் கதவைத் திறந்து உள்ளே ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இந்தச் சண்டை எப்போது முடியும் என்று காத்திருந்தாள்.