லெச்சுமி அக்கா பின்சீட்டில் ஏறிய காலை

ஹட்டன் பஸ் நிலையத்தில் நானும் அன்டனும் இறங்கியபோது பகல் இரண்டு மணி. கொழும்பிலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர் போல. அன்டன் வத்தளையில் என் பக்கத்து வீட்டுக்காரன். கார் எஞ்சினுக்குள் இருக்கும் கணினியை லெப்டொப் வைத்துத் திருத்துகிறவன். நாலு மனுசரின் பேச்சுக் கேட்கலாமென்று நானும் தொற்றிக்கொண்டேன்.

ஐம்பது ரூபாய் பிளேன்டீயைக் குடித்து முடிக்குமுன் எங்களை வரச்சொன்ன ரவி காரோடு வந்துவிட்டார். டர்போ வைத்த சின்ன ஜப்பான் கார். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஹயருக்கு ஓட்டுகிறார். ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் இழுக்கவேண்டுமே என்று போன வருடம் அன்டனிடம்தான் அதற்குப் பலம் கூட்டிக்கொண்டு போனார்.

"பகல்ல தங்கமா ஓடுதுங்க. விடியக் குளிர்லதான் ஸ்டார்ட் எடுக்க மாட்டேங்குது."

போகிற வழியிலேயே அன்டன் மடியில் லெப்டொப்பை விரித்தான். குளிர்காற்றுக்குக் கனம் கூட; டர்போ அதை அமுக்கித் தள்ளும்போது பெட்ரோலும் கூடவேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் உள்ளே தட்டும் என்றான். நோர்வூட் வருவதற்குள் அதைச் சரிசெய்துவிட்டான். மிச்சமிருந்தது விடியக்காலை ஸ்டார்ட்.

தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் குழாயடியில் குடத்தோடு நின்ற ஒருவர் எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"காருக்குக் கொழும்புலருந்து டாக்டர் வந்திருக்காரு. மனுசனுக்குத்தான் ஒருத்தனும் வரல."

அன்டன் சிரித்தான். ரவி சிரிக்கவில்லை.

வீட்டுக்குள் போனபிறகு ரவியே சொன்னார். மூன்று கிழமைக்கு முன்னால், விடியும் நேரம், சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்தவருக்கு நெஞ்சுவலி. பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். கார் எடுக்கவில்லை. ஆட்டோ கியர், தள்ளியும் பயனில்லை. கீழேயிருந்து த்ரீவீலர் ஏறி வருவதற்குள் முடிந்துவிட்டது.

"சாவியத் திருகுறப்பல்லாம் 'எடுத்துருச்சா, எடுத்துருச்சா'ன்னு கேட்டாருங்க. அதுக்கப்புறம் என் காரை யாரும் கூப்பிடுறதில்ல."

அன்டன் தேநீரைக் கீழே வைத்தான். "கொழும்புச் சூட்டில தானே ட்யூன் பண்ணினேன்," என்றான். "குளிர்ல ஸ்டார்ட்டுக்கு எவ்வளவு பெட்ரோல் வேணுமெண்டு பார்க்காம விட்டுட்டேன்."

இந்த வேலையில் ஒரு விடியலுக்கு ஒரு தரம்தான் பரீட்சை. ஒருமுறை எடுத்துவிட்டால் எஞ்சின் சூடாகிவிடும்; அதற்குப்பிறகு எத்தனை தரம் எடுத்தாலும் அது கணக்கில்லை. அதனால் காரை ராத்திரி முழுக்கப் பனியில் விட்டோம்.

முதல் விடியல், ஐந்தரை மணி, ஏழு டிகிரி. இருமி இருமி நாலாம் திருகலில்தான் எடுத்தது. அன்டன் ஸ்டார்ட்டுக்கான பெட்ரோலைக் கூட்டினான். இனி நாளைக்குத்தான்.

இரண்டாம் விடியல் நாங்கள் வெளியே வந்தபோது, கம்பளி போர்த்திய பெண் ஒருவர் காருக்குப் பக்கத்தில் நின்றார். ரவி குரலைத் தாழ்த்தி, "லெச்சுமி அக்கா. அன்னைக்குப் போனவரோட சம்சாரம்," என்றார்.

"மகளுக்கு இந்த மாசம் பிரசவம், தம்பி," என்றார் அவர் அன்டனிடம். "வேற வண்டி இங்க ஏது?" பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். "இப்பப் போடு, ரவி."

ஒரே திருகல். பிடித்துக்கொண்டது.

ரவி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அக்கா இறங்கவில்லை.

"டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு விடு."

"யாருக்கு என்னக்கா?"

"விடுங்கிறேன்ல."

அன்டன் முன்னால் ஏறினான். நான் அக்காவுக்குப் பக்கத்தில். வளைவுக்கு வளைவு எஞ்சின் நோகாமல் இழுத்தது. பேச்சுக் கேட்கவென்று வந்தவன் நான். கேட்டது எஞ்சினைத்தான். ஆஸ்பத்திரி வாசலில் ரவி நிறுத்தினார்.

"எவ்வளவு நேரமாச்சு?"

"முப்பத்தஞ்சு நிமிசம்க்கா."

"அவ்வளவுதானா." அக்கா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு இந்த சீட்டுல ஒரு மணி நேரம் கெடந்தாரு."

கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்:

"திருப்பு. புள்ளைக்கு வலி வந்தா கூப்பிடுறேன்."

அன்றைக்கே நாங்கள் பஸ் ஏறினோம். வத்தளையில் எங்கள் ஒழுங்கையில் காலை ஆறு மணிக்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் கிளம்பும். தொட்டதும் எடுக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்டன் மட்டும் இப்போது வாயில் பிரஷ்ஷோடு மதில் பக்கம் அப்படியே நிற்கிறான், ஒவ்வொன்றும் பிடித்துக்கொள்ளும்வரை.