அண்ணன் சிலைக்குத் தம்பி முகம்

1983இல் சென்னையில் சிற்பப் படிப்பை முடித்த கையோடு பரிபூரணம் இராஜபாளையத்துக்குத் திரும்பிவிட்டாள். கூடப் படித்தவர்களில் சிலர் சினிமாவுக்கு செட் போடப் போனார்கள், ஓரிருவர் வடக்கே மேல்படிப்புக்குப் போனார்கள். அவளுக்கும் போக ஆசைதான். ஆனால் அப்பா பால்சாமி ஸ்பின்னிங் மில்லில் ஆயுள் முழுக்கப் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து, நாலு எட்டு நடந்தாலே இளைக்கிற நிலைக்கு வந்திருந்தார். அம்மா இல்லாத வீடு. ஒரே மகள்.

காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கழித்துப் போடும் துணியை மூட்டையாக வாங்கிவந்து, கை உடைந்தால் மாவுக்கட்டுப் போடுவதுபோல வெள்ளை மாவில் தோய்த்து, கம்பிக்கூட்டின் மேல் சுற்றி ஆட்களைச் செய்தாள். துணி உலர்த்தக் குனியும் பெண், டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே தூங்குகிறவன், பீடிக்கு நெருப்புக் கேட்கிற ஷிப்டு ஆள். எல்லாம் ஆளுயரம். காய்வதற்கு வாசலில் வைத்தால் தெருவில் போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

"ஏட்டி, ஒரு பிள்ளையாராச்சும் செய்யேன்" என்றார் பால்சாமி.

"கோயிலுக்குச் செய்ய ஸ்தபதி இருக்காவப்பா. அந்த அளவுக் கணக்கு நான் படிக்கல."

"பொறவு இந்த ஆளுகள யாரு வீட்டுல கொண்டுபோய் வைப்பா?"

சில வருடத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். அதுவரை ஒரு சிலையையும் யாரும் வாங்கவில்லை.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலை கிடைத்தது. ஸ்டேஷன் போகிற பாதையில், பஞ்சு மூட்டை அடுக்கிவைத்திருந்து இப்போது சும்மா கிடந்த கிட்டங்கி ஒன்றைச் சிலைகள் செய்யவும் வைக்கவும் வாடகைக்குப் பிடித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் கிட்டங்கியை எட்டிப் பார்த்துவிட்டு, காப்பியைக் கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். கொஞ்ச நாள் அவமானமாக இருந்தது. பிறகு அதுவும் போயிற்று.

1989இல் கூமாப்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இரண்டு பேர் அவளைத் தேடி வந்தார்கள். மூத்தவர் வீரணன், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கூட வந்தவன் காளிராஜ். அவனுடைய அண்ணன் சோலைராஜ் முந்தின வருடம் இந்தியப் பட்டாளத்தோடு போய் இலங்கையில் நடந்த சண்டையில் செத்துப்போயிருந்தான். ஊர் கூடிச் சிலை வைக்க முடிவு செய்திருந்தது.

"போட்டோ இருக்கா?" என்று கேட்டாள்.

காளிராஜ் எடுத்துக் கொடுத்தது ஆளெடுப்பின்போது பிடித்த சின்னப் படம். மீசை முளைக்காத பையன், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சாகையில அவன் இப்பிடி இல்லம்மா. மீசையும் தோளுமா ஆளு பாக்க அம்சமா இருப்பான்" என்றார் வீரணன். "தம்பிக்கும் அவனுக்கும் ஒரே ஜாட. இவனப் பாத்துச் செஞ்சிருங்க."

அவளுக்கு அது சரியாகவே பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காளிராஜைப் பெஞ்சில் படுக்கவைத்து, முகத்தில் எண்ணெய் தடவி, மாவில் நனைத்த துணியைத் துண்டு துண்டாக ஒட்டினாள். மூக்குத் துவாரம் மட்டும் திறந்திருந்தது. மாவு இறுகும்வரை அசையக்கூடாது, பேசக்கூடாது. அவன் அசையாமல் கிடந்தான். அச்சைப் பிரித்து எடுத்தபோது உள்பக்கம் கண் இருந்த இடம் ஈரமாக இருந்தது.

"எரியுதா?"

"இல்லக்கா. அண்ணனப் பெட்டியில வச்சுக் கொண்டாந்தாங்க. மூஞ்சியத் தொறந்து காட்டமாட்டோம்னுட்டாங்க. எங்கம்மா பெட்டியத்தான் தடவிக்கிட்டு இருந்துச்சு."

அவள் முகம் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

ஐந்து மாதம் வேலை நடந்தது. களிமண்ணில் உருவம் பிடித்து, அச்செடுத்து, ஆலங்குளத்துச் சிமெண்டில் வார்த்தாள். மீசை வைத்தாள், தாடையைக் கொஞ்சம் அகலப்படுத்தினாள். துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, யாரோ கூப்பிட்டதுபோல லேசாகத் திரும்பி நிற்கும் ஆள். அதுவரை செய்ததில் இதுதான் உசத்தி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சிலையை ஏற்றிப்போக லாரியில் வந்தபோது சோலைராஜின் தாய் செல்லத்தாயும் வந்தாள். சிலையை மூடியிருந்த சாக்கை விலக்கியதும் நேரே போய்ச் சிலையின் முன் நின்றாள்.

"இது சின்னவன் காளி மூஞ்சிதான."

"அண்ணந்தம்பிக்கு ஒரே ஜாடதானத்தா" என்றார் வீரணன்.

"ஜாட வேற, மூஞ்சி வேற. மூத்தவன் போயிட்டான். இருக்கவனையும் செலையா நட்டு மால போடச் சொல்லுதியளா?"

பரிபூரணம் மீசையைக் காட்டினாள், தாடையை மாற்றியதைச் சொன்னாள். செல்லத்தாய் காதில் வாங்கவில்லை. காளிராஜ் சிலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். தாய் சொன்னதைக் கேட்டதும் தன்னையறியாமல் இரண்டடி தள்ளிப் போனான். அதைப் பார்த்த பிறகு பரிபூரணத்துக்கு வாதாட மனம் வரவில்லை.

"என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றாள்.

"ஒடச்சிரு தாயி. என் கண்ணு முன்னால ஒடச்சிரு."

உளியை எடுத்தாள். மூக்கு முதலில் போனது. சிமெண்ட் நன்றாக இறுகியிருந்ததால் நெற்றி லேசில் பெயரவில்லை. எல்லாரும் நின்று பார்த்தார்கள். முடிந்ததும் செல்லத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்தாள்.

புது முகத்துக்கு அந்தச் சின்னப் படத்தை விட்டால் வேறு வழி இல்லை. உழைத்து முறுக்கேறிய தோளின் மேல் பத்தொன்பது வயதுப் பையனின் முகம் உட்கார்ந்தது. மீசை வைத்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. எடுத்துவிட்டாள். தை மாதம் ஊர் முக்கில் சிலையைத் திறந்தார்கள்.

"இதான் எம்புள்ள. பட்டாளத்துக்குப் போற அன்னைக்கு இப்பிடித்தான் நின்னான்" என்றாள் செல்லத்தாய், பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம்.

ஊருக்குத் திருப்தி. கழுத்துக்கும் தலைக்கும் பொருந்தாதது பரிபூரணத்தின் கண்ணில் மட்டும் பட்டது. அந்தச் சிலையைப் பார்த்து மேலும் சில ஊர்க்காரர்கள் வந்தார்கள். இரண்டு சிலை செய்து கொடுத்தாள். மூன்றாவதாக வந்தவர்களும் செத்துப்போன தங்கள் ஆளுக்கு அதே பையன் முகத்தைக் கேட்கவே, முடியாது என்று அனுப்பிவிட்டாள்.

காளிராஜின் முக அச்சு கிட்டங்கிப் பரணில் கிடந்தது. 1992இல் அதை இறக்கி வைத்துக்கொண்டு பல நாள் பார்த்தாள். பெஞ்சில் அசையாமல் கிடந்தவனை அப்படியே செய்தால் என்ன என்று தோன்றியது. அவனுக்குத் தெரியாமல் செய்ய மனம் ஒப்பவில்லை. அவன் அப்போது போலீசில் சேர்ந்து சிவகாசியில் இருந்தான். போய்ப் பார்த்தாள்.

செய்தி கேட்டு அவன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"செய்யுங்கக்கா. எம்பேரு போடாதிய. அம்மாட்ட சொல்லாதிய."

இம்முறை சிமெண்ட் இல்லை, துணியும் மாவும்தான். படுத்திருக்கும் ஆள், மூடிய கண், பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருக்கும் கைகள். அது சென்னையில் ஒரு கூட்டுக் கண்காட்சிக்குப் போனது, பிறகு டெல்லிக்கு, கடைசியில் சென்னையிலேயே ஒரு அருங்காட்சியகத்துக்கு. பத்திரிகைகளில் அவள் பெயர் வந்தது. சாவைப் பற்றிய சிலை என்று ஒருவர் எழுதினார், தூக்கத்தைப் பற்றியது என்றார் இன்னொருவர். அவள் யாரையும் திருத்தப் போகவில்லை. கிட்டங்கியில் நின்றிருந்த பஸ் ஆளும் பீடி ஆளும் ஒவ்வொருவராக விலைக்குப் போனார்கள். 1996இல் பள்ளி வேலையை விட்டாள்.

அதே வருடம் சென்னைக்குப் பந்தோபஸ்துக்குப் போன காளிராஜ், அங்கே சிலை இருந்த அருங்காட்சியகத்தை விசாரித்துப் போய்ப் பார்த்திருக்கிறான். சீருடையைக் கண்டதும் வாசல் காவல்காரர் எழுந்து சல்யூட் அடித்தாராம். திரும்பி வந்தவன் கிட்டங்கிக்கு வந்து சொன்னான்.

"அம்புட்டு நேரம் நின்னு பாத்தேங்கா. எனக்கு அது நானாத் தெரியல. அண்ணன் படுத்திருக்க மாதிரியே இருந்துச்சு."

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு, அண்ணன் சிலை நிற்கிற ஊருக்குக் கூமாப்பட்டிச் சாலையில் போனான்.