போதகரம்மாவுக்கு வசனம் இல்லை

புனேயில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் பிரதிஷ்டை விழாவுக்கு வருஷாவருஷம் ஒரு நாடகம் போடுவார்கள். எழுதுவது, இயக்குவது, கோபித்துக்கொள்வது எல்லாம் பெரியப்பாதான். நான் நாலாம் வகுப்பு படித்தபோது அவர் எடுத்துக்கொண்டது ஒரு போதகரின் வாழ்க்கை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கம் ஊர் ஊராக நடந்து ஊழியம் செய்தவர். நாளுக்கு ஒரு தியானமாக அவர் எழுதிய புத்தகத்தைத்தான் எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபத்தில் வாசிப்போம். காலராவில் போன மகனைக் காலையில் அடக்கம் செய்துவிட்டு, அன்று மாலையே பிரசங்க பீடத்தில் ஏறி ஸ்தோத்திரம் சொன்னாராம். பெரியப்பாவுக்கு அந்தக் காட்சி என்றால் உயிர்.

போதகராக மாமா. பிம்ப்ரியில் ஃபேக்டரி வேலை, நல்ல கனத்த குரல். போதகரம்மாவாக அவர் மனைவி, என் அத்தை. முந்தின வருஷம்தான் அவர்களுடைய கைக்குழந்தை காய்ச்சலில் இறந்திருந்தது. மாமா மறுவாரமே கோவிலில் எழுந்து நின்று, எல்லாம் தேவ சித்தம் என்று சாட்சி சொன்னார். சபையே மெச்சியது. அத்தை அதற்கப்புறம் மாமாவிடம் வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இவர்களைப் போய் இந்த வேஷத்தில் போடலாமா என்று அம்மா மன்றாடிப் பார்த்தாள். போதகரம்மாவுக்கு வசனமே இல்லையே, முக்காடு போட்டு உட்கார்ந்தால் போதுமே என்று பெரியப்பா வாயை அடைத்துவிட்டார்.

நான் போதகரின் மகள். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வசனத்தை இந்தி எழுத்தில் எழுதிவைத்து உருப்போட்டேன். உருப்போட்ட வேகத்தில் எல்லாருடைய வசனமும் எனக்கு மனப்பாடம். அதில் ஒரு மண்டைக்கனம் வேறு.

விழா அன்று மாமா பீடத்தில் நின்று முழங்கிக்கொண்டிருந்தபோது அத்தை எழுந்தாள். பெரியப்பாவின் செந்தமிழுக்கு நடுவே வீட்டுத் தமிழ் கேட்டது.

“எனக்கு ஸ்தோத்திரம் வர மாட்டேங்கு. பிள்ளைக்காக நீங்க ஒரு நாளாவது அழுதீங்களா?”

உங்களுக்கு வசனம் இல்லை அத்தை என்று முந்தானையைப் பிடித்து இழுத்தேன். பெரியப்பா திரைக்குப் பின்னாலிருந்து அடுத்த வரியைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுத்தார். மாமாவோ பீடத்திலிருந்து இறங்கி வந்து அத்தையின் காலடியில் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐயோ, நாடகம் போச்சே என்று எனக்குப் பதறியது. மாமாவின் கடைசி வசனத்தை நானே உரக்கச் சொன்னேன்.

“ஆகையால் சகலத்துக்காகவும் ஸ்தோத்திரிப்போமாக!”

திரை விழுந்தது. கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். இப்படி நடிக்க யாரால் முடியும் என்று சபையார் மூக்கில் விரலை வைத்தார்கள்.

அப்புறம் அசனம். சபையார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. நாடகத்தைக் காப்பாற்றிய என்னை யாராவது ஒரு வார்த்தை மெச்சுவார்கள் என்று வருகிற ஆளையெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல். ஜன்னலுக்கு வெளியே, நிறுத்திவைத்த ஸ்கூட்டர்களுக்கு நடுவில், மாமாவும் அத்தையும் வேஷம்கூடக் கலைக்காமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்கள்.

“நாடகம்தான் முடிஞ்சிட்டே, இன்னும் ஏம்மா நடிக்காங்க?” என்று கேட்டேன்.

அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.